மூடி இல்லாத கேமரா

ஸ்டுடியோவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா இல்லையா என்று சந்தேகப்பட்டுத் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். இன்றைக்கும் அப்படித்தான். எட்டாவது படிக்கும்போது வீட்டில் கைக்கு ஆள் வேண்டும் என்று பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தினார்கள். வேறு பையனாக இருந்தால் அழுதிருப்பான். எனக்கு, இனிப் பரீட்சை கிடையாது என்பதுதான் முதலில் தோன்றியது.

இப்படிப்பட்டவனுக்குப் போட்டோ பிடிக்கிற வேலை எப்படி ஒத்துவந்தது என்று கேட்பவர்கள் உண்டு. வேறு எதுவும் ஒத்துவரவில்லை, அதுதான் பதில். கோவில்பட்டியில் ரயில் நிலையத்துக்குப் போகிற ரோட்டில், ஒரு பருத்திக் கமிஷன் கடையின் மாடியில் ஐம்பதுகளில் எங்கள் ஸ்டுடியோ இருந்தது. முதலாளிக்கு உண்மையான தொழில் தீப்பெட்டி ஆபீஸ். ஸ்டுடியோ அவர் ஆசைக்கு வைத்தது. படம் எடுப்பது, கழுவுவது, பிரிண்ட் போடுவது, வருகிறவர்களுக்குச் சீப்பும் பவுடரும் எடுத்துக் கொடுப்பது எல்லாம் நான்தான்.

அங்கே இருந்தது ஒரு பழைய மரப் பெட்டிக் கேமரா. தேக்குச் சட்டம், பித்தளைக் கீல்கள், நடுவில் தோல் துருத்தி. மூன்று கால் ஸ்டாண்டில் நிற்கும். பின்னால் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் தேய்த்த கண்ணாடியில் உட்கார்ந்திருப்பவர் தலைகீழாகத் தெரிவார். அது எனக்குப் பழகிப்போய், தலைகீழாகப் பார்த்தே யாருக்குத் தோள் சாய்ந்திருக்கிறது, யாருக்குப் பொட்டு விலகியிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். வலது பக்கத் திருகு பாதிச் சுற்றில் கொஞ்சம் பிடிக்கும். அங்கே ஒரு அழுத்து கூடக் கொடுக்க வேண்டும். ஸ்டாண்டின் ஒரு கால் மழைக்காலத்தில் ஊதிக்கொண்டு இறங்காது. படம் விழுகிற கண்ணாடி பிளேட்டைச் செருகுகிற சட்டத்தில் ஒரு மூலை தேய்ந்து வழுவழுவென்று இருக்கும். அந்த மூலை கட்டைவிரலில் பட்டால் பிளேட் சரியாக உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். படம் எடுக்கும் முன்னால் என் கை இவற்றை எல்லாம் வரிசையாகத் தொட்டுவிட்டு வரும். தொட்டு முடித்ததும் படபடப்பு அடங்கிவிடும். பூட்டை எத்தனை தடவை இழுத்தாலும் எனக்குத் திருப்தி வராது. இந்தப் பெட்டி ஒரே சுற்றில் திருப்தியைக் கொடுத்தது.

அதில் ஷட்டர் கிடையாது. லென்சுக்கு முன்னால் வட்டமாக ஒரு மூடி, உள்பக்கம் வெல்வெட் ஒட்டியது. அதைக் கழற்றினால் படம் விழ ஆரம்பிக்கும். திரும்ப மாட்டினால் முடிந்தது. 'அசையாதீங்க' என்று சொல்லி நான் மூடியை எடுத்ததும் எதிரே இருப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். மாட்டியதும் விடுவார்கள். வாழ்நாளில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளாத, விவசாயம் பார்க்கிற சம்சாரிகளுக்குக்கூட இது தெரியும்; கல்யாண வீடுகளில் வேடிக்கை பார்த்துத் தெரிந்துகொண்டதுதான்.

அந்த மூச்சு நேரத்தில் கேமராவில் எனக்கு எந்த வேலையும் இல்லை. கையில் மூடியோடு பெட்டியின் பக்கத்தில் நின்றுகொண்டு என் சொந்தக் கண்ணால் ஆட்களின் முகத்தைப் பார்ப்பேன். அவர்களும் என்னைத்தான் பார்ப்பார்கள். பயந்தாங்கொள்ளியான நான் மனிதர்களை அப்படி நேருக்கு நேராகப் பார்த்தது அந்த நேரத்தில் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

ஒருநாள் முதலாளி மெட்ராஸ் போய்விட்டு வரும்போது புதுக் கேமரா ஒன்று கொண்டு வந்தார். மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ். மேலே உள்ளது நாம் பார்ப்பதற்கு, கீழே உள்ளது படம் எடுப்பதற்கு. ரெட்டைக் கண் என்றுதான் எல்லோரும் சொன்னோம். பிளேட் கிடையாது, பிலிம் ரோல். மூடி கிடையாது, உள்ளேயே ஷட்டர். பெட்டியின் தலையில் சின்ன மூடாக்கு ஒன்று திறக்கும். அதற்குள் குனிந்து பார்க்க வேண்டும்.

"இனிமே நீ முக்காடு போட்டுக்கிட்டு நிக்க வேண்டாம்லே," என்றார் முதலாளி. பழைய பெட்டியை நாகலாபுரத்தில் திருவிழாக் கூட்டத்துக்குப் படம் எடுக்கிற ஒருவருக்குக் கொடுத்துவிட்டதாகவும் அதே மூச்சில் சொன்னார். அந்த ஆள் மறுநாளே வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். பழைய மூடி லூசாகிவிட்டது என்று நான் சக்கிலியத் தெருப் பக்கம் ஒருவரிடம் சொல்லித் தோலில் வேறு மூடி செய்து வைத்திருந்தேன். அந்தப் புது மூடி பெட்டியோடு போனது. பழையது என் சட்டைப்பையில் கிடந்தது. அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

புதுக் கேமரா நல்ல கேமரா. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம், அடுத்தவர் வீட்டில் கை கழுவிவிட்டு ஈரக் கையோடு துண்டு எங்கே தொங்குகிறது என்று தேடுகிற மாதிரி இருக்கும். அதில் ஆள் நேராகத் தெரிவார், ஆனால் இடம் வலம் மாறித் தெரிவார். அவர் ஓரத்துக்குப் போகிறாரே என்று கேமராவைத் திருப்பினால் இன்னும் ஓரத்துக்குப் போவார். பிலிமைச் சுற்றினேனா என்று ஒரு சந்தேகம், ஷட்டரை இழுத்து வைத்தேனா என்று ஒரு சந்தேகம். சந்தேகத்தோடு மூடாக்குக்குள் குனிந்தால், ஷட்டர் சத்தம் கேட்கிற வரைக்கும் நிமிர மாட்டேன். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் என் உச்சந்தலையைத்தான் பார்த்தார்கள்.

இதில் இன்னொரு கூத்து. ஸ்டாண்டில் மாட்டி, ஷட்டரைத் திறக்கிற வயரின் நுனியை இடது கையால் அமுக்குவேன். வலது கை சும்மாதான் இருக்க வேண்டும். ஆனால் அது மூடி பிடித்துப் பழகிய கை. மாடி அறையில் வெளிச்சம் போதாது என்று ஷட்டரை மெதுவாக வைத்திருப்பேன். அது மூடுவதற்குள் வலது கை தானாக எழுந்து லென்சை மூடப் போய்விடும். முதல் ரோலைக் கழுவிப் பிரிண்ட் போட்டபோது, படத்துக்குப் படம் மூலையில் வெளுப்பாக ஒரு கை. முதலாளி கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு பார்த்தார்.

"யாருலே இது, எல்லாப் படத்துலயும் நின்னு ஆசீர்வாதம் பண்ணுதது?"

அவர் சிரித்தார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் பெண் வந்தாள். எப்போதும்வென்றான் என்கிற ஊருக்கு அந்தப் பக்கம் மாதா கோயிலை ஒட்டிய ஒரு சின்ன ஊர். அப்பா இல்லை, அம்மாவும் இவளும் மட்டும். கொஞ்சம் புஞ்சை, வருஷத்துக்கு ஒரு வெள்ளாமை. இவள் கன்னியர் மடத்தில் சேரப் போகிறாள். மடம் வடக்கே எங்கோ இருக்கிறது, போனால் திரும்பி வருவது நம் கையில் இல்லை, வீட்டிலிருந்து ஒரு படம் கொண்டுபோகலாம் என்று சொல்லியிருக்கிறார்கள் என்றாள். அம்மாவின் படம் வேண்டும். அம்மாவின் படம் என்று இதுவரைக்கும் ஒன்றுகூட வீட்டில் இல்லை.

"எங்கம்மாவுக்குத் தலை ஆடும், அண்ணாச்சி. சின்னதா ஆடிக்கிட்டே இருக்கும். நாலு பேரு பாப்பாங்கன்னு அவிய டவுனுக்கு வரமாட்டாவ. நீங்கதான் அங்கன வரணும்."

முதலாளியைக் கேட்டுவிட்டு, புதுக் கேமராவையும் ஸ்டாண்டையும் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் தலை ஆடுகிறவரை எப்படிப் படம் எடுப்பது என்ற யோசனை. பழைய பெட்டியாக இருந்தால் முடியாத காரியம், முகம் கலங்கிப் போகும். இதில் வேகமான ஷட்டர் இருக்கிறது, நல்ல வெளிச்சம் இருந்தால் தப்பிக்கலாம். இப்படி எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டு போனேன்.

அந்த அம்மா சுளகில் குதிரைவாலி புடைத்துக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியிருக்கும். ஒல்லியான உடம்பு, எடுப்பான முகம். தலை இடமும் வலமுமாக மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. யார் எது சொன்னாலும் 'இல்லை, இல்லை' என்பது மாதிரி. என்னைப் பார்த்ததும் சுளகைக் கீழே வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

மடத்துக்குப் போக அம்மா சம்மதித்தது பெரிய விஷயம் என்று மகள் சொன்னாள். அதற்கு அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"வாயால சரின்னுதான் சொன்னேன், தம்பி. இந்தத் தலை பாட்டுக்கு இல்லங்குது. இவ எத நம்புனாளோ."

மகளும் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே ஷட்டர் வயர் எங்கே என்று பையைத் துழாவிக்கொண்டிருந்தேன்.

முகத்தில் வெயில் நேராக விழுந்தால் அவர் கண்ணைச் சுருக்கினார். ஆகவே வேப்பமரத்து நிழலில் உட்கார வைத்தேன். நிழல் என்றால் ஷட்டரை அவ்வளவு வேகமாக வைக்க முடியாது. மூடாக்குக்குள் குனிந்தேன். அவர் வலது ஓரத்துக்குப் போனார். திருப்பினேன், படத்தை விட்டே போய்விட்டார். ஒருவழியாகப் பிடித்து, அசையாதீங்க என்று சொல்லி அமுக்கினேன். இன்னொன்று, இன்னொன்று. எதிரே இருக்கிற மனுஷி எப்படி இருக்கிறார் என்று நான் நிமிர்ந்து ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

பிரிண்டில்தான் பார்த்தேன். தலையை ஆடவிடாமல் பிடிக்க வேண்டும் என்று அந்த அம்மா கழுத்தை இறுக்கியிருக்கிறார். கழுத்து நரம்பு இரண்டும் வடக்கயிறு மாதிரி புடைத்து நின்றன. அப்படியும் முகம் கலங்கித்தான் இருந்தது, மூக்கு இரண்டாகத் தெரிந்தது. கண்ணில், அடி விழப்போகிறது என்று காத்திருக்கிற பார்வை. ஒரு படத்தின் மூலையில் என் கையும் வந்திருந்தது.

மகள் ஸ்டுடியோவுக்கு வந்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"இது எங்கம்மா இல்ல, அண்ணாச்சி. அவிய இப்படி இருக்க மாட்டாவ." படங்களை என் பக்கம் நகர்த்திவிட்டு, "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் கிளம்புதேன்," என்றாள்.

அதற்குள் ஒரு படம். கிடைக்காவிட்டால் அவள் அம்மாவின் முகம் இல்லாமல் போவாள். முதலாளி, தூத்துக்குடியில் பெரிய ஸ்டுடியோ இருக்கிறது, அங்கே அனுப்பு என்றார். கோவில்பட்டிக்கே வராதவர் தூத்துக்குடிக்கு எங்கே போவார்.

எனக்கு ஒரே நினைப்புதான். பழைய பெட்டி கையில் இருந்தால் இந்தக் கண்றாவி நடந்திருக்காது. தலை ஆடுகிறவரை அந்தப் பெட்டியால் எடுக்க முடியாது என்று பஸ்ஸில் நானே கணக்குப் போட்டேன், அது மறந்துபோனது. கை பழகின பொருள் கைக்கு வந்தால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகும் என்று ஒரு பிடிவாதம். மறுநாள் காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து நாகலாபுரம் போனேன்.

அந்தத் திருவிழாப் போட்டோக்காரர் நல்ல மனிதர். ஒருநாளைக்குத்தானே, கொண்டுபோங்கள் அண்ணாச்சி என்று பெட்டியை எடுத்து வந்து நிறுத்தினார். நான் முன்னால் போய்க் கையை வைத்தேன். திருகு பிடிக்கவே இல்லை, எண்ணெய் போட்டிருக்கிறார். நான் பழக்கத்தில் அழுத்திய அழுத்தில் துருத்தி முழுக்க நீண்டுவிட்டது. அவர் என்னைவிடக் குட்டை, ஸ்டாண்டின் கால்களை அறுத்துக் குறைத்திருந்தார். பிளேட் சட்டத்துக்கு ஆசாரியை விட்டுப் புதுச் சட்டம் போட்டிருந்தார். கட்டைவிரல் தேய்ந்த மூலையைத் தேடிப் போய், கூர்மையான மூலையில் இடித்துக்கொண்டது.

"இப்ப எப்படி இருக்கு பாத்தீங்களா? ஜம்முனு இருக்குல்ல?" என்றார் அவர்.

நன்றாக இருக்கிறது என்றேன். உண்மையில் நன்றாகத்தான் இருந்தது. அவர் அந்தப் பெட்டியைத் தொடுவதைப் பார்த்தேன். தன் வீட்டு மாட்டைத் தடவுகிற மாதிரி, பார்க்காமலே தொட்டார். அது இப்போது அவருடைய பெட்டி. எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவர் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறினேன். கரிசல் காட்டில் பருத்தி வெடிக்க ஆரம்பித்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன், மனது ஒன்றும் பார்க்கவில்லை. நான் கேட்டு வந்தது பெட்டியை இல்லை போலிருக்கிறது. அந்தப் பெட்டிக்கும் என் கைக்கும் நடுவில் வருஷக்கணக்கில் ஏதோ ஒன்று சேர்ந்திருந்தது, அதைக் கேட்டிருக்கிறேன். அதை அவர் எடுத்து வைத்திருக்கவில்லை. கொடுக்க அவரிடம் ஏது?

அன்று சாயங்காலம் முதலாளியிடம் சொல்லிவிட்டுப் புதுக் கேமராவை வீட்டுக்குக் கொண்டுபோனேன். உள்ளே பிலிம் இல்லை. என் மனைவி அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்கு எதிரே ஸ்டாண்டை நிறுத்தினேன். கண்ணை மூடிக்கொண்டு கையால் கேமராவைத் தடவினேன். சுற்றுகிற கைப்பிடி இங்கே. அது ஓர் இடத்தில் கட்டென்று நிற்கும், நின்றால் பிலிம் சுற்றியாயிற்று. ஷட்டர் நெம்புகோல் இங்கே. கூர்மை பார்க்கிற திருகில் கோடுகோடாக வரி இருக்கிறது, நகத்துக்குத் தெரிகிறது. வரிசை ஒன்று உண்டாக்கிக்கொண்டேன். சுற்று, இழு, திருகு, வயர். மறுபடி சுற்று, இழு. மூடாக்குக்குள் குனிந்து ஒரு தடவை தூரத்தைச் சரிசெய்துவிட்டால் அப்புறம் குனியவே வேண்டாம், ஆள் இருந்த இடத்தில் இருந்தால் போதும் என்பது அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு நாளும் பயத்தில் குனிந்தே கிடந்திருக்கிறேன்.

"இங்கேருங்க, அந்தப் பெட்டியத் தடவுனதுல பாதி என்னையப் பாத்திருந்தா நான் என்னைக்கோ நல்லா இருந்திருப்பேன்," என்றாள் மனைவி.

நிமிர்ந்து பார்த்தேன். கீரைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தாள்.

ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறாய், உள்ளே பிலிம் இல்லை என்றேன்.

"இருக்கோ இல்லையோ, எனக்கு என்ன தெரியுது? முன்னால மூடிய எடுப்பீங்க, மூச்சப் பிடிப்போம். மாட்டுவீங்க, விடுவோம். இதுல எப்ப பிடிக்கது, எப்ப விடுதது? நீங்க வாரதுலருந்து பிடிச்சுக்கிட்டே கெடக்கேன்."

சொல்லிவிட்டு அவள் கீரையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கேமரா மாறியதில் கை தடுமாறியது எனக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எதிரே உட்காருகிறவர்களுக்கும் ஒரு பழக்கம் இருந்திருக்கிறது. அதையும் சேர்த்து நாகலாபுரத்துக்கு அனுப்பியிருக்கிறோம். சட்டைப்பையில் கையை விட்டேன். பழைய மூடி கிடந்தது.

மறுநாள் மறுபடியும் அந்த ஊருக்குப் போனேன். இந்தத் தடவை அவசரப்படவில்லை. ஸ்டாண்டை நிறுத்தி, தூரத்தைச் சரிசெய்து, கையால் ஒரு சுற்றுத் தொட்டு முடித்துவிட்டு, கேமராவின் பக்கத்தில் நிமிர்ந்து நின்றேன். மகள் அம்மாவுக்குத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். கேமராவில் வேலை இல்லாததால் நான் அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. பேச்சு நடுவில் அவர் வலது கையைக் கன்னத்தில் வைப்பார். வைத்ததும் தலை ஆட்டம் நின்றுவிடும். அழுத்திப் பிடிப்பதில்லை, விரல் சும்மா படுவதுதான். ஆனாலும் நின்றுவிடும். மகள் உடனே, "கன்னத்துல கை வைக்காதீங்கம்மா," என்பாள். அவர் கையை எடுப்பார். தலை மறுபடியும் 'இல்லை, இல்லை' என்று தொடங்கும்.

மகள் சொன்னதிலும் தப்பில்லை. எங்கள் பக்கம் கன்னத்தில் கைவைப்பது சாவு வீட்டில்தான். சின்னப் பிள்ளை வைத்தால்கூடத் தட்டி விடுவார்கள். கன்னத்தில் கையோடு யாரும் படம் எடுத்துக்கொள்வது கிடையாது. நானே எத்தனையோ பேருக்குக் கையை இறக்குங்க என்று சொல்லியிருக்கிறேன்.

பையிலிருந்து மூடியை எடுத்துக் கீழ் லென்சின் முன்னால் பிடித்தேன். அளவு பொருந்தவில்லை, பெரிது. ஆகவே கையாலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மா கவனித்துவிட்டார்.

"அன்னைக்கு இந்த மூடி இல்லையே, தம்பி?"

"இன்னைக்குக் கொண்டாந்திருக்கேன்மா."

அசையாதீங்க என்று சொல்லி மூடியை எடுத்தேன். அவர் மூச்சைப் பிடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் அதே பார்வை வந்தது. இதை எடுக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். வயரை அமுக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து மூடியைத் திரும்ப லென்சுக்குக் கொண்டுவருவது மாதிரி கொண்டுவந்து, அப்படியே கீழே இறக்கிவிட்டேன்.

முடிந்தது என்று அவர் மூச்சை விட்டார். தோள் இறங்கியது. சுவரோரமாக நின்றிருந்த மகளைத் திரும்பிப் பார்த்தார். கை தானாக எழுந்து கன்னத்துக்குப் போனது. தலை நின்றது. அவ்வளவு நேரமும் முகத்தில் இல்லாத ஒன்று அப்போது வந்தது. அதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மகளை முழுக்கப் பார்த்துவிட வேண்டும் என்கிற மாதிரி ஒரு பார்வை.

என் இடது கை வயரை அமுக்கிவிட்டது. சின்னதாக ஒரு சத்தம்.

அப்புறம் கையை மடியில் வைக்கச் சொல்லி, முறைப்படி இரண்டு எடுத்தேன். அவற்றில் முகம் கொஞ்சம் கலங்கும் என்று எடுக்கும்போதே தெரிந்தது.

பிரிண்ட் போட்டுக் காயவைத்தேன். கன்னத்தில் கை வைத்த படம் கூர்மையாக வந்திருந்தது. கண் இமை ஒவ்வொன்றும் தெரிந்தது. ஆனால் கை இருந்தது. முதலாளி பார்த்துவிட்டுப் படத்தை மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

"ஏலே, பிள்ளை மடத்துக்குப் போற நேரத்துல சாவு வீட்டுப் படத்தையா குடுப்பாங்க? கையத் தொங்கப் போட்டிருக்கத மட்டும் குடு. இதுக்குப் பின்னால நம்ம கடை சீலக் குத்திராத."

எனக்கும் அதே பயம்தான். அந்தப் பெண் போகிற இடத்தில் ஏதாவது ஆகிவிட்டால், இந்தப் படத்தைத்தான் சொல்வார்கள். எடுத்தவன் என்று என்னைச் சொல்வார்கள். இன்னொரு பயமும் இருந்தது. மூடியைக் காட்டி அந்த அம்மாவை ஏமாற்றியிருக்கிறேன். 'முடிந்தது' என்று நம்பி அவர் இறக்கி வைத்த முகத்தை நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். கலங்கிய படத்தை மட்டும் கொடுத்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. கிழித்துப் போட்டுவிடலாம் என்று இரண்டு தடவை கையில் எடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்தால் கிழிக்க வரவில்லை. சனிக்கிழமை எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அந்த ஒன்றில் சீல் குத்தவில்லை.

வீட்டில் ஒரு தகரப் பெட்டி திறந்து கிடந்தது. துணிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். முதலில் கையைத் தொங்கப் போட்ட படங்களைக் கொடுத்தேன். முந்தினதைவிடப் பரவாயில்லை, ஆனாலும் மூக்கு நுனி கரைந்திருந்தது. மகள் நல்லா இருக்கு அண்ணாச்சி என்றாள். நல்லா இல்லை என்று அவள் குரலிலேயே தெரிந்தது.

இன்னொன்று இருக்கிறது, உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம், வேண்டாம் என்றால் இப்போதே கிழித்துவிடுகிறேன் என்று தடுமாறித் தடுமாறிச் சொல்லிவிட்டு அதை நீட்டினேன். மகள் வாங்கிப் பார்த்தாள். பிறகு அம்மா பக்கம் நீட்டினாள்.

"கன்னத்துல கை இருக்கும்மா," என்றாள் மெதுவாக.

அந்த அம்மா படத்தை வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். கையில் படம் இருந்ததால் தலை ஆடிக்கொண்டுதான் இருந்தது. படத்தில் இருக்கிற முகம் ஆடாமல் இருந்தது. நான் வாசலுக்குப் போய்விடலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மூடிய மாட்டுன பெறகு ஒரு சத்தம் கேட்டுச்சே, தம்பி. அதுதான இது?"

ஆமாம் என்றேன். எனக்குக் காது சுட்டது.

"சத்தம் காதுல விழுந்துச்சு. எடுத்துட்டீங்கன்னு தெரியும். கைய எடுக்கணும்னுதான் தோணல."

மகள், கையைத் தொங்கப் போட்ட படத்தையே கொண்டுபோகிறேன், சகுனம் எதற்கு என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். அந்த அம்மா அவளைப் பேசவிடவில்லை.

"ஏட்டி, நீ போறதுன்னு ஆனதுலருந்து ஊரெல்லாம் வந்து சந்தோசமா இருக்கியளான்னு கேக்குது. நானும் இருக்கேன் இருக்கேன்னுதான் சொல்லிக்கிட்டு வாரேன். இருக்கேன், இல்லங்கல. ஆனா பெத்த பிள்ளைய விட்டுக் குடுத்துட்டு நிக்கவ கன்னத்துல கை வைக்காம வேற எங்கன வைப்பா? இதக் கொண்டு போ. இதுதான் நான்."

மகள் தகரப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் அப்படியே அம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். அந்த அம்மா ஒரு கையால் அவள் தலையைத் தடவினார். இன்னொரு கை கன்னத்துக்குப் போயிருந்தது. இந்தத் தடவை யாரும் அதை எடுக்கச் சொல்லவில்லை.

கொஞ்சம் கழித்து மகள் எழுந்து, படத்தை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்து, புத்தகத்தைத் துணிகளுக்கு நடுவில் வைத்தாள். பின்னால் சீல் இல்லையே அண்ணாச்சி, எந்த ஸ்டுடியோ என்று கேட்டால் என்ன சொல்ல என்று கேட்டாள். என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. கலங்கிய படங்களைத் தாயார் வாங்கி வைத்துக்கொண்டார். இவள் இல்லாத நேரத்தில் பார்த்துச் சிரிக்க ஆகும் என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கேமராப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வழக்கம்போல ஒவ்வொன்றாகச் சரிபார்க்க ஆரம்பித்தேன். பிலிமைச் சுற்றினேனா, ஷட்டரை இழுத்தேனா, தூரம் எவ்வளவு வைத்தேன். அடுத்த தடவைக்குத் தெரிந்திருக்க வேண்டுமே. மற்ற இரண்டு படங்களுக்கும் எல்லாம் ஞாபகம் வந்தது. அந்த ஒன்றுக்கு மட்டும் எவ்வளவு யோசித்தும் ஒன்றும் வரவில்லை. கை என்ன செய்தது, வயர் எப்படி இருந்தது, கேமரா எங்கே நின்றது, எதுவும் இல்லை. மகளைத் திரும்பிப் பார்த்த அந்த முகம்தான் வந்தது, திரும்பத் திரும்ப.

கோவில்பட்டியில் இறங்கி ஸ்டுடியோவில் கேமராவை வைத்துப் பூட்டினேன். தெருமுனை வரை போய்விட்டு, பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்த்தேன்.